திருஷ்டிப் பூசணி மோர்க்குழம்பு

கேக்கறதுன்னா கேளுங்க, ஆனா சாப்பிட்டுக்கிட்டே கேக்காதீங்க. கையை அலம்பிட்டு, வாயைக் கொப்புளிச்சுட்டு வந்து இந்த பெஞ்சுலயே உக்காருங்க, டீ வேணும்னா சொல்லிக்கலாம். நான் சொல்லப் போறது சமையல் விஷயந்தான், ஐப்பசி மழைக்கு என்ன ஆக்கித் திங்கலாம்கிற விஷயந்தான், ஆனா அதை நெனச்சா இன்னைக்கும் எனக்கு ஓங்கரிச்சுக்கிட்டு வருது.

எம்பேரு சாந்தாமணி. பேருல மட்டுந்தான் சாந்தம். கோயமுத்தூர்ல கணபதிப் பக்கம் இந்தப் பட்டறை வீதி முச்சூடும் லேத்துப் பட்டறை, வெல்டிங் பட்டறை, பம்பு மோட்டாருக்கு உதிரி கடையற பட்டறை. அத்தனை ஆளும் மத்தியானம் கிரீஸ் கையோட வந்து சாப்பிடற மெஸ்ஸு அதோ எதிர்ல தெரியுது பாருங்க, அது என்னோடது. முன்னறையில பெஞ்சு, பொறத்தால சமையல். ஆக்கறது நானு, பரிமாறறது நானு, கல்லாவுல உக்காந்துக்கிட்டு "ரசத்துல உப்பு பத்தல"ன்னு சொல்றது எங்க வூட்டுக்காரர் நஞ்சப்பன். கல்யாணமான நாள்ல இருந்து எஞ்சமையலைப் பத்தி அந்த மனுசன் வாயில வந்தது அந்த ஒரு வார்த்தைதான். உப்பு சரியா இருக்கற அன்னைக்கு ஒண்ணுமே சொல்ல மாட்டாரு, தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு.

மழைக்காலச் சாப்பாட்டுல எனக்குன்னு ஒரு ஒழுங்கு உண்டுங்க. ஐப்பசி பொறந்து முதல் மழை தகரத்துல கொட்டுனா அன்னைக்குக் கொள்ளுதான். வேகவெச்சு வடிச்ச தண்ணியில ரசம், வெந்த கொள்ளுல பூண்டும் வரமொளகாயும் சீரகமும் போட்டுக் கடைஞ்சா பருப்பு. சளி புடிச்சவனுக்குக் கண்டந்திப்பிலி ரசம், தொண்டை கட்டுனவனுக்குத் தூதுவளையை நெய்யில வதக்கித் துவையல், யாருக்கும் ஒண்ணும் இல்லாத அன்னைக்குச் சின்ன வெங்காயத்தை முழுசு முழுசாப் போட்டு அரிசியும் பருப்பும் சேத்த சாதம். தீபாவளிக்குச் சுக்கு, மொளகு, ஓமம் வறுத்து இடிச்சுக் கருப்பட்டியில கிண்டுன லேகியம். பூசணிக்காய் மட்டும் மழைக்கு ஆகாது, அது குளிர்ச்சி, அதைச் சித்திரை வெயிலுக்கு வெச்சுக்கணும். இதைப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், ஒருத்தர் காதுல ஏறல.

ஆயுத பூஜைக்கு எங்க வீதியில பூசணிக்காய் உடைக்கிறதைப் பாத்தீங்கன்னா மலைச்சுப் போயிருவீங்க. லேத்தைத் தொடச்சுப் பொட்டு வெச்சு, பொரி கடலை படைச்சு, கடைசியா ஒரு வெள்ளைப் பூசணியில ஓட்டை போட்டு, உள்ள குங்குமத்தைக் கொட்டி, மேல கற்பூரத்தைப் பத்தவெச்சு, பட்டறையைச் சுத்தி, முதலாளியைச் சுத்தி, அவரு பொண்டாட்டி புள்ளைகளைச் சுத்தி, ஊருக்கண்ணு, உறவுக்கண்ணு, நல்லகண்ணு, கொள்ளிக்கண்ணு எல்லாக் கண்ணும் இதோட ஒழியட்டும்னு வாசலுக்கு நேரா ரோட்டுல போட்டு ஒடப்பாங்க. ஒவ்வொரு வாசலுக்கும் ஒண்ணு. எங்க மெஸ்ஸுக்கும் ஒண்ணு ஒடச்சோம். மறுநா வீதியே செவப்பும் வெள்ளையுமாச் செதறிக் கெடக்கும், வண்டி வழுக்கி ஆளு விழும், நாத்தம் கொடலைப் புடுங்கும், அப்புறம் குப்பை வண்டி வந்து அள்ளிட்டுப் போகும்.

அந்த வருஷம் அது அழுகல. அவ்வளவுதாங்க நடந்தது. மழை பேஞ்சுச்சு, வெயில் அடிச்சுச்சு, லாரி ஏறுச்சு, நாய் காலைத் தூக்கிட்டுப் போச்சு, அதுக மேல ஈ கூட உக்காரல, இப்பத்தான் கத்தி வெச்ச காயாட்டம் வெள்ளை வெளேர்னு கெடந்துச்சு. கெடந்தா கெடந்துட்டுப் போகுதுன்னு விடலாம். அதுல இருந்து நெய் வாசம் வர ஆரம்பிச்சுச்சு. குப்பை அள்ள வந்தவங்க மோந்து பாத்துட்டு, "இது குப்பை இல்லீங்க, நாங்க எடுக்க மாட்டோம்"னு போயிட்டாங்க. மாரியம்மன் கோயில் பூசாரியைக் கேட்டதுக்கு, "அத்தனை கண்ணை உறிஞ்சியிருக்குது, கண்ணெல்லாம் முழிச்சுக்கிட்டு இருக்கறப்ப எப்படி அழுகும்?"னு சொல்லிட்டு அவரு பாட்டுக்கு மணி அடிக்கப் போயிட்டாரு. சனமும் அதானே, எப்படி அழுகும்னு கேட்டுக்கிட்டு லேத்தை ஓட்டப் போயிருச்சு.

அதைத் திங்கலாம்னு மொதல்ல தோணுனது மேகலாவுக்கு. லேத்துக்காரர் திருமூர்த்தி பொண்டாட்டி, செல்போன்ல சமையல் வீடியோ போடறவ, "மழைக்கு இதமா மேகலா கைமணம்"னு பேரு வேற. குடையைப் புடிச்சுக்கிட்டு ரோட்டுல குனிஞ்சு அவ வாசல் பூசணியைப் பொறுக்கிக் குண்டாவுல போட்டுக்கிட்டு இருந்தா. நான் பாத்துட்டுப் பதறிப் போயி ஓடுனேன்.

"அடியே, என்னத்தடி அள்ளற?"

"ஏனுங்க்கா, இத்தனை நல்ல காய் வீணாப் போகுதேன்னு மனசு கேக்கலீங்க்கா. மஞ்சத்தண்ணியில நாலு அலசு அலசிட்டா என்னாகுது?"

"அடி கூறுகெட்டவளே, அது காயாடி? ஊர்ல இருக்கறவன் வயித்தெரிச்சலைப் பூரா அதுல எறக்கி வெச்சிருக்குது. அடுத்தவன் காறித் துப்புனதை அள்ளிக் கொழம்பு வெப்பியா?"

"வெந்துட்டாத் தெரியாதுங்க்கா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அன்னைக்குச் சாயங்காலமே காசி அல்வா வீடியோ வந்துருச்சு. துருவி, துணியில புழிஞ்சு, புழிஞ்ச தண்ணியிலயே வேகவெச்சு, சீனி கொட்டி, நெய்யை விட்டுச் சுருளக் கிண்டறா. கிண்டிக்கிட்டே, "இதுக்குக் கலர்ப்பொடி வேண்டாமுங்க, ஏற்கெனவே குங்குமம் ஊறியிருக்குது பாருங்க"ன்னு பல்லைக் காட்டிச் சிரிக்கறா. நான் அன்னைக்கு ராத்திரி பட்டினி.

மொத வாய் தின்னது திருமூர்த்தி. தின்னுட்டுக் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்துட்டாராம். "ஒவ்வொரு வாய்க்கும் ஒரு ஆளு தெரியறாங்க. இது எம் பங்காளி என் காரைப் பாத்துப் பொருமுனது. இது மச்சான் எம் மாடி வூட்டைப் பாத்துப் புழுங்குனது. அட, அட, இத்தனை பேரு எம்மேல வெந்து சாகறாங்களா! இத்தனை இனிப்பா அது?"ன்னு வழிச்சு வழிச்சுத் தின்னிருக்காரு. அது போதாதுங்களா இந்த வீதிக்கு? அவனவன் வாசல் பூசணியை அவனவன் காவல் காத்து அள்ள ஆரம்பிச்சுட்டான். வெல்டிங்காரர் வூட்டுல பூசணிக் கூட்டு, மூலை வூட்டுல தயிர்ப் பச்சடி, மாடி வூட்டுல உளுந்தோட அரச்சு வடகம், கம்பி கடைக்காரங்க வூட்டுல அடை, சாம்பார், துவையல், தோலைக் கூட விடாம வறுவல்; கொள்ளுப் பருப்பையும் தூதுவளையையும் சீந்த ஆளில்லை, லேகியத்தைத் தொட ஆளில்லை, தீபாவளிக்கு வூட்டுக்கு வூடு தூக்குப்போசியில எச்சக் கண்ணை ஏலக்காய் போட்டுக் குடுத்து அனுப்பிச்சுக்கிட்டாங்க. எங்கிட்டயும் ஒருத்தி நீட்டுனா. "இன்னொரு தடவை இதோட எம் படியேறுனா கரண்டியில அடிப்பேன்"னு சொன்னேன்.

தின்னவனுக்கெல்லாம் அடுத்து ஒண்ணு ஆச்சு. தீபாவளி முடிஞ்ச வாரம் திருமூர்த்தி வூட்டை விட்டு எறங்கி, ரோட்டைத் தாண்டி, மலையாளத்துக்காரன் சசி சேட்டன் டீக்கடை வாசல்ல நின்னுக்கிட்டுத் தன் சொந்தப் பட்டறையைப் பாத்துப் பெருமூச்சு விட்டாரு. "என்ன லேத்து! என்ன வூடு! வாசல்ல நிக்கிற காரைப் பாரு. நமக்கெல்லாம் எங்க அமையுது?"ன்னாரு. சசி, "அது நிங்க பட்டறதானே முதலாளி"ன்னு சொன்னதுக்கு, "தெரியுமுங்க, நாந்தான் அந்தத் திருமூர்த்தி. இருந்தாலும் அவன் குடுத்து வெச்சவன்"ன்னாரு. புத்தியெல்லாம் தெளிவாத்தான் இருந்துச்சு, பேரு கேட்டாச் சொல்வாரு, புள்ளைக பேரு சொல்வாரு, ஆனா உள்ள போக மட்டும் காலு வரல. அடுத்தவங்க கண்ணை வயித்துல போட்டுக்கிட்டவனுக்குத் தன் வூடே அடுத்தவன் வூடாப் போச்சு.

அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து எதிர் சாரியில நின்னாங்க. வெல்டிங்காரர் தன் மவன் பள்ளிக்கூட வேன்ல ஏறறதைப் பாத்து, "எவன் பெத்த புள்ளையோ, ராஜாவாட்டம் இருக்குது"ன்னு கண்ணு கலங்குனாரு. மாடி வூட்டம்மா தன் பால்கனியில காயற தன் பட்டுப்பொடவையைப் பாத்து நாக்கைச் சப்புக் கொட்டுனா. இதுக்கு ஊரே கூடி அழுதிருக்கும்னு நெனைக்கறீங்களா? ஒரு மசுரும் இல்லை. கவுன்சிலர் வந்து பாத்துட்டு, மழையில நனையாம இருக்கத் தார்ப்பாய் கட்டிக் குடுத்தாரு. சசி பெஞ்சு போட்டு, பஜ்ஜி போட்டு, ஒரு பெரிய பால் பாத்திரமும் வாங்கிட்டான். பட்டறையில முதலாளி இல்லாம ஆளுக சத்தமில்லாம நல்லா வேலை பாத்தாங்க. நின்னவங்க பொண்டாட்டிக சில பேரு, "அந்தாளு உள்ள இருந்து என்னத்தைக் கிழிச்சாரு? வெளிய நின்னா நம்மளைப் பாத்து ஏங்கவாவது செய்யறாரு, நின்னுட்டுப் போகட்டும்"னு விட்டுட்டாளுக. தன் பொழப்பைப் பாத்து எச்சி ஊற நிக்கறதுக்கு ஒரு தார்ப்பாய், அதுக்கு ஒரு பஜ்ஜி. த்தூ.

எங்க வாசல் பூசணியை நான் சீவக்கட்டையால ஓரமாத் தள்ளி வெச்சிருந்தேன். ஒரு நா காலையில பாத்தா அதுல பாதி காணோம். நாய் இழுத்துட்டுப் போயிருக்கும்னு நெனச்சேன். மத்தியானம் மேகலாதான் தயங்கித் தயங்கி வந்து சொன்னா.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அண்ணன் உங்க வாசல் பூசணியைக் கொண்டாந்து குடுத்து மோர்க்குழம்பு வெச்சுத் தரச் சொன்னாருங்க. உங்ககிட்டக் கேட்டாத் திட்டுவீங்களாமா."

ஒரு வீதிக்கே சோறாக்கிப் போடறவ புருசன், அடுத்தவ வூட்டுல போயி, ரோட்டுல கெடந்ததைக் குடுத்து, கொழம்பு வெச்சுத் தான்னு நின்னிருக்காரு. எனக்கு அந்தக் கொழம்பை விட அந்த மனுசன் நின்ன நெலைதான் அருவருப்பா இருந்துச்சு. எதுக்குத் தின்னாரு தெரியுங்களா? அவரு மேலயும் பொறாமைப்பட ஊர்ல யாராவது இருக்காங்களான்னு தெரிஞ்சுக்கணுமாம். அவருக்கு என்ன காரு இருக்குதா, மாடி வூடு இருக்குதா? வெறும் மோராத்தான் இருந்திருக்கும்னு நெனச்சேன். ஆனா இருந்திருக்குதுங்க. ரூம் எடுத்துத் தங்கி, கடையில வாங்குன கல்லாட்டம் சப்பாத்தியைப் பல்லுல இழுக்கற லேத்துப் பசங்க அத்தனை பேரும் எங்கிட்டச் சாப்பிட்டு எந்திரிக்கறப்ப கல்லாவைத் திரும்பிப் பாத்து, தெனம் இந்தக் கையால சாப்பிடறானே, குடுத்து வெச்ச மனுசன்னு நெனச்சுட்டுத்தான் போயிருக்கறாங்க. அந்தக் கண்ணுதான் அதுல இருந்துச்சு.

மறுநா இவரும் எதிர் சாரிக்குப் போயிட்டாரு. நான் வாசல்ல நின்னு, "சாப்பாடு ஆறுது, வாங்க உள்ள"ன்னு கத்துனேன். எந்திரிச்சுக் கையைக் கட்டிக்கிட்டு, என்னைப் பாக்கக் கூச்சப்பட்டுக்கிட்டுச் சொன்னாரு: "அவுரு வூட்டுல இல்லீங்க போலிருக்குதுங்க. வந்துட்டாச் சொல்றனுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனா சமையக்கட்டு சன்னல் ரோட்டைப் பாத்துத்தான் இருக்குது, அவரு சசிகிட்டப் பேசறதெல்லாம் காதுல விழுகும். "அந்தம்மா கடுகு தாளிக்கறப்பப் பாத்திருக்கீங்களா சேட்டா? வெடிக்கற வரைக்கும் தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுக் கேட்டுக்கிட்டு நிக்கும். அடங்குனதுக்கு அப்புறந்தான் கருவேப்பிலையைக் கிள்ளிப் போடும். ரசத்தை ருசி பாக்கறப்ப நாக்குல வெக்காது, உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டுத்தான். அந்தக் கை பூரா எண்ணெய் தெறிச்ச தழும்பு. அதைப் புடிச்சு ஒரு தடவையாவது அந்தப் புருசங்காரன் பாத்திருப்பானா? நானா இருந்தா..."ன்னு நிறுத்திட்டு டீயை ஆத்துவாரு.

இத்தனை வருசத்துல எம் மூஞ்சிக்கு நேரா ஒரு தடவை சொல்லியிருந்தா என்னய்யா கொறஞ்சு போயிருப்ப? சொன்னது நீயா, உன் வயித்துல கெடக்கற அடுத்தவன் கண்ணா? இப்படியெல்லாம் வாய்விட்டுத் திட்டிக்கிட்டேதான் அடுப்புல நின்னேன். ஆனா ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா, கடுகு தாளிக்கறப்ப சன்னல் பக்கமாத் திரும்பி நிக்கறேன். அடங்குனதுக்கு அப்புறமும் தலையைச் சாய்ச்ச மேனிக்கு நிக்கறேன். பீரோவுல இருந்த மாம்பழக்கலர் சுங்குடியை எடுத்துச் சமையலுக்குக் கட்டியிருக்கறேன், தலையில முல்லை வேற. ரோட்டுல பொறுக்கித் தின்னவங்களை அந்தப் பேச்சுப் பேசுனவ நானு. எனக்கு எம்மேலயே குமட்டுச்சு, ஆனாலும் மறுநாளும் பூ வாங்குனேன்.

அதோட விட்டிருக்கலாம். ஆனா அந்த மனுசன் சாப்பிடல. சசிகிட்டச் சாப்பாடு குடுத்தனுப்பிச்சா, "அது அவருக்குண்டான சோறுங்க, நான் தின்னா நல்லாயிருக்காது"ன்னு திருப்பி அனுப்பிச்சாரு. வெறும் டீயும் வறுக்கி ரொட்டியும். மத்தவங்களாவது பஜ்ஜி தின்னாங்க, இவரு எஞ்சமையலைப் பாத்து ஏங்கறவரு, வேற எதுவும் தொண்டையில எறங்கல. தார்ப்பாய்ல ஒழுகற எடத்துல உக்காந்து உக்காந்து சளி கட்டி, இருமல் வந்து, கார்த்திகை பொறக்கறப்ப சட்டை தோள்ல நிக்காமத் தொங்குச்சு. கண்டந்திப்பிலி ரசம் வெச்சு நானே தூக்கிக்கிட்டுப் போனேன். டம்ளரை வாங்கி, மோந்து பாத்து, கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டு, "வேண்டாமுங்க, அவுருக்கு வையுங்க, மழைக்காலம்"னு திருப்பிக் குடுத்துட்டாரு. அந்த இருமல் சரியில்லைன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

இதுக்கு வழி ஒண்ணு இருந்துச்சு, அதையும் மேகலாதான் கண்டுபுடிச்சிருந்தா. ஒரு புதுப் பூசணியை வாங்கியாந்து, எதிர் சாரியில நிக்கறவரைச் சுத்தி, வூட்டைச் சுத்தி, வாசல்ல போட்டு ஒடச்சா, உள்ள போன கண்ணு வெளிய வந்துரும். திருமூர்த்தியை அப்படித்தான் கூட்டிக்கிட்டா. ஒடஞ்ச மறு நிமிசம் அவரு விறுவிறுன்னு உள்ள போயி, கரண்டு எப்படா போச்சுன்னு ஆளுகளைப் பாத்துக் கத்த ஆரம்பிச்சுட்டாரு. காரையும் பாக்கல, வூட்டையும் பாக்கல. நின்னது, ஏங்குனது ஒண்ணும் நெனப்பில்லை.

ஒண்ணும் நெனப்பிருக்காது. அதைத்தான் நெனச்சு நெனச்சு ஒரு வாரமா பூசணியை வாங்கி மூலையில வெச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒடச்சா ஆளு பொழச்சுக்குவாரு, அந்தக் கண்ணு போயிரும். ஒடைக்காட்டி அந்தக் கண்ணு இருக்கும், ஆளு இருக்க மாட்டாரு. ஒரு நா மத்தியானம் அவரு இருமி இருமிக் கைக்குட்டையை மடிச்சு ஒளிச்சு வெக்கறதைப் பாத்தேன். தூக்கிக்கிட்டுப் போயிட்டேன். கற்பூரத்தைக் கொளுத்தி அவரைச் சுத்துனப்ப என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. "இந்த வூட்டுக்காரரு நெம்பக் குடுத்து வெச்சவருங்க"ன்னாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டி வூட்டைச் சுத்தி, எங்க வாசல்லயே ஓங்கிப் போட்டு ஒடச்சேன்.

வந்தாரு. செருப்பைக் கழட்டி விட்டுட்டு, "என்ன இத்தனை நேரம், இலையைப் போடு"ன்னு உக்காந்தாரு. ஒரு மாசப் பசி, தலை நிமிராமத் தின்னாரு. சாதத்துக்கு மேல சாதம், ரசத்துக்கு மேல ரசம். எனக்கு நெஞ்சு குளுந்துச்சு, அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். மாம்பழக்கலர் சுங்குடியிலதான் நின்னேன், முல்லையும் இருந்துச்சு. இலையை மூடிட்டு எந்திரிச்சாரு.

"ரசத்துல உப்பு பத்தல"ன்னாரு.

ஒடச்சதை அள்ளிக் கொட்டிரலாம்னு வாளியும் சீவக்கட்டையுமா வாசலுக்குப் போனேன். தூறல் போட்டுக்கிட்டு இருந்துச்சு. குனிஞ்சப்ப வாசம் வந்துச்சு. நெய் வாசம் இல்லீங்க, கடுகு தாளிச்ச வாசம். எங் கை வாசம்.

ரோட்டுல கெடந்ததுங்க. அதுமேல ஒரு ஸ்கூட்டர் ஏறிப் போயிருந்துச்சு, குங்குமமும் சேறும் கலந்து கெடந்துச்சு. ரெண்டு துண்டை முந்தானையில மறச்சு எடுத்துக்கிட்டுப் பொறத்தால போனேன். மஞ்சத்தண்ணியில அலசுனேன், அலச அலசக் குமட்டுச்சு, வாயை மூடிக்கிட்டு அலசுனேன். தோல் சீவி, துண்டு போட்டு வேகவெச்சு, ஊற வெச்ச கடலைப்பருப்பு, தேங்கா, பச்சமொளகா, சீரகம் அரச்சு ஊத்தி, புளிச்ச மோரைக் கடைஞ்சு விட்டு, நொரை கட்டறப்ப எறக்கி, தேங்காயெண்ணெயில கடுகு தாளிச்சேன். தட்டு கூட எடுக்கல, சட்டியில இருந்தே நின்னுக்கிட்டு அள்ளித் தின்னேன்.

மொத வாய்க்கு ஓங்கரிச்சுச்சு. ரெண்டாவது வாயில தெரிஞ்சுச்சு. தலையைச் சாய்ச்சுக்கிட்டு ஒருத்தி நிக்கறா. உள்ளங்கையில ஒரு சொட்டு ரசம். தழும்பு விழுந்த கை, அதை அங்கிருந்து ஒருத்தன் பாத்துக்கிட்டே இருக்கான், கண்ணை எடுக்கவே இல்லை, மழையில, இருமிக்கிட்டு. த்தூ, இதையெல்லாம் திம்பாளா ஒரு மனுசின்னு சொல்லிக்கிட்டே சட்டியை வெரலால வழிச்சேன்.

கை அலம்பத்தான் வெளிய வந்தேன். ரோட்டைத் தாண்டிட்டேன். சசி, "சேச்சி, ஒரு சாயா எடுக்கட்டே?"ன்னு மட்டும் சொல்லிட்டு, அவரு உக்காந்திருந்த எடத்தைத் துண்டால தொடச்சு விட்டான். உக்காந்து பாத்தேன். என்ன மெஸ்ஸு! சன்னல்ல பொக வருது. அந்தச் சன்னலுக்குப் பின்னால நிக்கறவளை ஒருத்தன் மழையில நனைஞ்சுக்கிட்டு இருந்து பாத்தானாமே, அவ எப்பேர்ப்பட்ட குடுத்து வெச்சவ. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு.

"சாந்தாமணி! ஆளுக வந்துட்டாங்க, எங்க போயித் தொலஞ்ச?"ன்னு நஞ்சப்பன் வாசலுக்கு வந்தாரு. ரெண்டு பக்கமும் பாத்துட்டு என்னைப் பாத்தாரு. "ஏய், அங்க என்ன பண்ற? வா, வந்து ரசத்தை ஊத்து."

காலு வரலீங்க. எந்திரிச்சுக் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்.

"அந்தம்மா வூட்டுல இல்லீங்க போலிருக்குதுங்க"ன்னேன். "வந்துட்டாச் சொல்றனுங்க."